மாவுக்குப் போகலாம், மிளகாய்க்கு யோசிக்கலாம்: காரைக்குடியில் ஒரு மாவு மிஷின்

போன மாதம் பத்துக் கிலோ மாவைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினேன். ஒரு கையில் எவர்சில்வர் தூக்கு, இன்னொரு கையில் கட்டைப்பை, இடுப்பில் முட்டிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் டின். கண்டக்டர் பார்த்துவிட்டு, "என்னக்கா, வீட்டில விசேசமா?" என்றார். "விசேசம் ஒண்ணுமில்லண்ணே, ரெண்டு பிள்ளைங்க இருக்கு" என்றேன். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் மூன்று பேர் இறங்குவதற்குள் என்னிடம் மிஷின் எங்கே இருக்கிறது, கூலி எவ்வளவு என்று கேட்டுவிட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

மிஷின் காரைக்குடியில் கடைத்தெருவை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. பெயர் சொல்லப்போவதில்லை. ஒரு குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது, அப்புறம் அடுத்த மாதம் நான்தான் அங்கே போய் நிற்க வேண்டும். ஒன்றரை வருஷமாகப் போகிறேன். மகளின் பழைய கணக்கு நோட்டில் பின்பக்கமெல்லாம் வெள்ளையாக இருந்தது. அதில் ஒவ்வொரு முறையும் என்ன வாங்கினேன், என்ன அரைத்தேன், கூலி எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறேன். கீழே வரும் தொகைகள் அந்த நோட்டில் இருப்பவை. உங்கள் ஊர் விலை பத்து இருபது முன்னப்பின்ன இருக்கும்.

எங்களுக்குக் கோட்டையூர். ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் இரண்டாம் கட்டில், அதாவது முற்றத்தோடு கூடிய உள்பகுதியில், வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரர்கள் சென்னையில். வருஷத்துக்கு ஒரு தடவை முன்னோர்களைக் கும்பிடும் படைப்புக்கு வருவார்கள், நான்கு நாள் வீடு நிறைந்திருக்கும், அப்புறம் முற்றம் முழுக்க எங்களுக்குத்தான். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மிஷினில் அரைப்பது பத்து நிமிஷ வேலை. அதற்கு முன்னால் கழுவுவது, முளைகட்டுவது, காயவைப்பது எல்லாம் இரண்டு நாள் வேலை. காயவைக்க இடம் இல்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. இந்த வீட்டு முற்றத்தில் காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை வெயில் நேராக இறங்கும். சுற்றிப் பட்டாலை (உயரமான திண்ணை) இருப்பதால் காற்றில் தூசி வருவதில்லை. இந்த முற்றங்களில் ஒரு காலத்தில் கல்யாணத்துக்கு மூட்டை மூட்டையாக மிளகாய் காய்ந்திருக்கும். இப்போது என் ஒரு முறம் கேழ்வரகு காய்கிறது.

மில் எப்படி என்றால், உள்ளே இரண்டு மிஷின். ஒன்று தானியத்துக்கு, ஒன்று மிளகாய் மல்லிக்கு. இப்படித் தனித்தனியாக வைத்திருப்பதுதான் முதல் நல்ல விஷயம். பல இடங்களில் ஒரே மிஷினில் எல்லாவற்றையும் அரைக்கிறார்கள். தானியத்துக்குக் கிலோ 20 ரூபாய், மிளகாய்க்கு 40. மிஷின் வாயிலிருந்து ஒரு நீளத் துணிக்குழாய் தொங்கும், அதன் வழியாகத்தான் மாவு டின்னில் இறங்கும். அரைத்து முடிந்ததும் அந்தத் துணியை மில்லுக்கார அண்ணன் கம்பால் நான்கு தட்டு தட்டுவார். நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் ஆறு தட்டு. நான் பார்ப்பேன். அந்த இரண்டு தட்டில் ஒரு கைப்பிடி மாவு வந்துவிடும்.

மில்லுக்காரருக்கு அறுபது வயது இருக்கும். வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் அவர் அண்ணன்தான். என்னை "ஆத்தா" என்பார். அவரிடம் எனக்குப் பிடித்தது, காசு வருகிறதே என்று எதையும் வாங்கிப் போட மாட்டார். முதல் தடவை முளைகட்டிய கேழ்வரகு கொண்டுபோனேன். டின்னுக்குள் கையை விட்டு நாலு மணியை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். "இன்னும் ஒரு வெயில் வேணும்த்தா. இப்ப அரைச்சா பதினஞ்சு நாள்ல பூஞ்சை பிடிச்சிரும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்குச் சுறுசுறுவென்று கோபம். பஸ்ஸில் தூக்கிவந்ததைத் திரும்பத் தூக்கிப் போக வேண்டும். வழியில் என் வீம்புக்கு இன்னொரு மில்லில் பாதியைக் கொடுத்து அரைத்தேன், அவர்கள் மறுபேச்சில்லாமல் அரைத்துக் கொடுத்தார்கள். சரியாகப் பதினெட்டாம் நாள் டப்பாவைத் திறந்தால் மக்கின வாடை. அரைக் கிலோ மாவு குப்பைக்குப் போனது. அதற்கப்புறம் நான் கேழ்வரகைப் பல்லில் கடித்துப் பார்க்காமல் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. கடக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் மறுபடி முற்றத்துக்கு.

இனி கணக்கு. மகள் ஏழாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு, இரண்டும் அரசுப் பள்ளி. பையனுக்குக் காலைச் சாப்பாடு பள்ளியிலேயே ஆகிவிடுகிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மறு வருஷம் ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்ததில் எங்கள் வீட்டுக் காலை நேரத்துக்குப் பெரிய நிம்மதி. மதியமும் இருவருக்கும் அங்கேயே. ஆனால் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுவதால் பெரியவளுக்குக் காலையில் நான்தான் ஏதாவது கொடுக்க வேண்டும். சின்னவன் சாயந்திரம் நாலரைக்கு வந்து பையை எறியும்போதே "அம்மா பசி" என்பான். ஆகக் காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர். இந்த இரண்டு டம்ளரில்தான் முன்பு என் பணம் போனது.

முன்பு கடையில் விற்கும் மால்ட் பவுடர்தான் கலக்கிக் கொடுத்தேன். அரைக் கிலோ பாக்கெட் மாதம் இரண்டரை ஆகும், 600 ரூபாய் வரை. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணையக் கடைகளுக்கு, இப்படிப்பட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற வரிசையில் வைத்து விற்காதீர்கள் என்று சொன்ன செய்தி வந்தபோதுதான் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படித்தேன். சர்க்கரை இருந்த அளவைப் பார்த்து எங்கள் அத்தை, "இதுக்கு நான் பால்ல ஜீனி போட்டே குடுத்திருப்பேனே" என்றார்கள். தேவகோட்டைக்காரர்களுக்கு இப்படி ஒரு வரியில் முடித்துவிடும் பழக்கம் உண்டு.

இப்போது சத்துமாவு. அத்தை சொன்ன அளவில் நான் கொஞ்சம் மாற்றியது: முளைகட்டிய கேழ்வரகு ஒரு கிலோ, கோதுமை அரைக் கிலோ, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, நிலக்கடலை மூன்றும் கால் கால் கிலோ, ஏலக்காய் ஒரு பிடி. கோதுமை ரேஷனில் வந்தது, அதற்குக் காசில்லை. மற்றதெல்லாம் சேர்த்து 163 ரூபாய், கூலி 45. ஆக 208 ரூபாய்க்கு இரண்டேகால் கிலோ. மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ போதும். நாட்டுச் சர்க்கரையும் சேர்த்தால் 185 ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. பால் இரண்டுக்கும் பொது, அதைக் கணக்கில் எடுக்கவில்லை. மிச்சம் 400 ரூபாய்க்கு மேல்.

ஒரு விஷயம் அரைக்கும்போது தெரிந்துகொண்டது. நிலக்கடலையைத் தனியாகப் போட்டால் மிஷினில் எண்ணெய் விட்டு அப்பிக்கொள்ளும், அண்ணன் திட்டுவார். வறுத்துத் தோல் நீக்கி, கேழ்வரகோடு நன்றாகக் கலந்து, அப்புறம் போட வேண்டும். முந்திரி, பாதாம் போடுகிறவர்களுக்கும் இதுதான். நான் அவற்றைப் போடுவதில்லை. மிச்சம் பிடிக்கத்தானே இவ்வளவு தூரம் வருகிறோம், அங்கே பாதாம் போட்டால் எப்படி. கேழ்வரகு 100 கிராமிலேயே 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அதுவே போதும். முளைகட்டிய மாவில் இன்னொரு வசதி, கஞ்சி களிபோல் கெட்டிப்படாமல் இளக்கமாக வரும். சின்னவன் ஸ்பூன் கேட்காமல் அப்படியே குடித்துவிடுவான்.

மாவு மிஷினிலிருந்து வரும்போது கை வைக்க முடியாத சூடாக இருக்கும். பஸ் ஏறி வீடு வந்த பிறகும் தூக்கின் அடி வெதுவெதுப்பாக இருக்கும். அப்படியே மூடி வைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டி கட்டியாகிவிடும். நான் முற்றத்து ஓரம் பட்டாலையில் பழைய வேட்டியை விரித்து, மாவைக் கொட்டிப் பரப்பி, மேலே இன்னொரு துணி போட்டு இரண்டு மணி நேரம் விடுவேன். அந்த இரண்டு மணி நேரம் வீடே வறுத்த கடலை மணக்கும். பிள்ளைகள் அன்றைக்குப் பள்ளியிலிருந்து வந்தால் நேரே அங்கேதான் போய் உட்கார்ந்து விரலால் தொட்டு நக்குவார்கள். நிலக்கடலை சேர்ந்த மாவு ஒன்றரை மாதத்துக்கு மேல் காறல் வாடை அடிக்கும், அதனால் ஒரு தடவைக்கு இரண்டேகால் கிலோவுக்கு மேல் அரைக்காதீர்கள்.

கோதுமை. ரேஷனில் அரிசிக்குப் பதிலாகக் கொஞ்சம் கோதுமை வாங்கிக்கொள்ளலாம், இருப்பு இருந்தால். எனக்கு ஐந்து கிலோ கிடைத்த மாதங்கள் உண்டு, ஒன்றும் கிடைக்காத மாதங்களும் உண்டு. புடைத்துக் கல் பொறுக்கி ஒரு வெயில் காயவைத்துக் கொடுத்தால் ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய் கூலி. கடை மாவு ஐந்து கிலோ 270 ரூபாய். மாவு கொஞ்சம் பழுப்பாக இருக்கும், தவிட்டோடு அரைவதால் தண்ணீர் கூடுதலாக இழுக்கும். அரை மணி நேரம் ஊறவிட்டால் சப்பாத்தி மெத்தென்று வரும். ஊறவிடாமல் போட்டால் அப்பளம்.

அரிசி மாவும் இப்படித்தான். 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசிக்குக் காசு இல்லை. பச்சரிசியை ஊறவைத்து வடித்து நிழலில் காயவைத்து மூன்று கிலோ அரைத்தேன், 60 ரூபாய். கடையில் அதே மாவுக்கு 195. புட்டு, கொழுக்கட்டை, இடியாப்பம் எல்லாம் ஆகிறது. ரேஷன் அரிசி மாவில் இடியாப்பம் பிழியும்போது சில தடவை அறுந்து அறுந்து விழும். அப்போதெல்லாம் புதுவயல் ஊர் அரிசி மில் பக்கம் போகிறவர்கள் யாரிடமாவது சொல்லி நல்ல பச்சரிசி இரண்டு கிலோ வாங்கிக் கலந்துகொள்வேன்.

பண்டம் விஷயத்தில் நான் போட்ட கணக்கு தப்பாகிப் போனது, அதையும் சொல்லிவிடுகிறேன். பாசிப்பருப்பை வறுத்து மிஷினில் நைசாக அரைத்து மாவுருண்டை பிடித்து வைத்தால் பிள்ளைகள் பெட்டிக்கடைப் பக்கம் போகமாட்டார்கள், அதில் பெரிய மிச்சம் என்று நினைத்தேன். பருப்பு ஒரு கிலோ 120, சர்க்கரை ரேஷனில் 25 ரூபாய்க்கு ஒரு கிலோ, கூலி 20. இதுவரை சரி. நெய்தான் கவிழ்த்துவிட்டது, 280 ரூபாய்க்கு நெய். தொண்ணூறு உருண்டை வந்தது. வகுத்துப் பார்த்தால் ஒன்று ஐந்து ரூபாய். பெட்டிக்கடையில் தொங்கும் பாக்கெட்டும் ஐந்து ரூபாய்தான்! ஒரு உருண்டை தின்றால் இரவுச் சாப்பாடு வரை வயிறு தாங்கும் என்பது உண்மை, ஆனால் என் பிள்ளைகள் ஒன்றோடு நிறுத்துகிறவர்கள் இல்லை. தொண்ணூறு உருண்டையும் எட்டு நாளில் காலி. இப்போது மாவுருண்டை தீபாவளிக்கும் ஆடிக்கும் மட்டும்.

இனி மிளகாய். இங்கேதான் பக்கத்து வீட்டு ஆச்சியோடு எனக்குத் தீராத சண்டை. அவர்களுக்குக் குழம்பு மிளகாய்த்தூளைக் கடையில் வாங்குவது என்பது குடும்பத்துக்கே அவமானம். எனக்கும் அந்த ருசி பிடிக்கும். இராமநாதபுரம் குண்டு மிளகாய் நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது, 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது, அதன் மணம் பாக்கெட் தூளில் வராது. எல்லாம் சரி. ஆனால் நோட்டில் இருப்பது இது: குண்டு மிளகாய் ஒரு கிலோ 260, மல்லி ஒன்றரைக் கிலோ 165, சீரகம், மிளகு, சோம்பு, விரலி மஞ்சள், பருப்பு வகை எல்லாம் சேர்ந்து 140, கூலி 120. மொத்தம் 685 ரூபாய்க்குத் தூள் 2 கிலோ 900 கிராம். எங்களுக்கு நான்கு மாதம் வரும். கடையில் அரைக் கிலோ 165 ரூபாய்க்கு விற்கும் தூளோடு ஒப்பிட்டால் மாதம் 70 ரூபாய்கூட மிச்சமில்லை. அதற்கு மிளகாய்க் காம்பு கிள்ளி ஒரு நாள், இரண்டு நாள் வெயில், கை எரிச்சல், மில்லில் அரை மணி நேரம் தும்மல். ருசிக்காகப் போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போங்கள். காசுக்காகப் போகாதீர்கள். ஆச்சியிடம் இதைச் சொன்னேன். "காம்பு கிள்ளுற நேரத்துல நீ என்ன கலெக்டர் வேலையா பாக்கப்போற?" என்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, அந்தக் குறை. போன வருஷம் பொங்கலுக்கு முந்தின வாரம் போனேன், சந்து வரை வரிசை. தானிய மிஷினில் பெல்ட் அறுந்திருந்தது. அண்ணன் அன்றைக்கு இல்லை, வேலைக்கு இருந்த பையன் மட்டும். "மிளகாய் மிஷின்ல ரெண்டு பிடி அரிசி போட்டுத் துடைச்சிட்டு அரைச்சுத் தரேங்க்கா, ஒண்ணும் தெரியாது" என்றான். நானும் பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று சரி என்றேன். அன்று இரவு சப்பாத்தி. சின்னவன் முதல் வாயிலேயே கண்ணில் தண்ணீரோடு எழுந்து ஓடினான். மாவு பார்வைக்கு எப்போதும்போலத்தான், சுட்டால் ஓரமெல்லாம் காரம். ஐந்து கிலோவும் அப்படித்தான். வீணாக்க மனசில்லாமல் இரண்டு மாதம் அந்த மாவில் ஓமம் போட்டு உப்பு பிஸ்கட் மாதிரி பொரித்தேன், நானும் என் கணவரும்தான் தின்றோம். மறு மாதம் அண்ணனிடம் சொன்னபோது மறுக்கவில்லை. பையனைக் கூப்பிட்டு என் முன்னாலேயே நாலு வார்த்தை சொல்லிவிட்டு, அடுத்த ஐந்து கிலோவுக்குக் கூலி வாங்க மாட்டேன் என்றார். வாங்கவும் இல்லை. ஆனாலும் சொல்கிறேன்: மிளகாய் மிஷினில் துடைத்து அரைக்கிறேன் என்று யார் சொன்னாலும், எந்த மில்லாக இருந்தாலும், டின்னைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள்.

இன்னொரு சின்னக் குறை, ஈர மாவு இங்கே அரைப்பதில்லை. அதிரசத்துக்கு ஊறவைத்த அரிசியைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார். அதற்கு வேறு மிஷின் தேட வேண்டும், இல்லையென்றால் வீட்டு மிக்ஸிதான்.

மொத்தமாகச் சத்துமாவு, கோதுமை, அரிசி மூன்றிலும் ஒரு நல்ல மாதத்தில் எனக்கு 700 ரூபாய் வரை நிற்கிறது. ரேஷனில் கோதுமை வராத மாதம் 500. பஸ்ஸுக்குச் செலவில்லை என்பதால்தான் இந்தத் தொகை முழுசாக நிற்கிறது. 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையே. வண்டி போட்டுப் போகிறவர்கள் பெட்ரோலைக் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டோ வைத்துப் போனால் கணக்கே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு முறை ஆட்டோவில் போனோம், மூன்று வீட்டு மாவையும் இறக்கும்போது யாருடைய தூக்கு எது என்று தெரியாமல் வாசலில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. டின்னில் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டு போங்கள்.

போகிற நேரம்: காலை பத்துக்குள் போனால் வரிசை இருக்காது. ஒன்றரையிலிருந்து மூன்றரை வரை சாப்பாட்டுக்கு மூடிவிடுவார். மாதம் ஒரு நாள் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் அன்று போய் நின்றால் சாயந்திரம் வரை ஷட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான், எனக்கு நடந்திருக்கிறது. சில்லறையாகக் கொண்டுபோங்கள். போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தால், நம்பர் போர்டில் பெரிதாக எழுதியிருக்கிறது, மணியும் அடிக்கும், ஆனால் மிஷின் ஓடுகிற நேரம் அவருக்குக் கேட்காது. கேட்டு எடுத்துவிட்டார் என்றால் மிஷின் ஓடவில்லை என்று அர்த்தம்.